ஐந்தாம் அத்தியாயம்: பாகங்களைத் தொடுவதற்கு முன்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் விளையாட்டில் கட்டுமானக் கூடம் கண்முன் திறந்து, இடப்புறத்தில் எஞ்சின்களும் எரிபொருள் டாங்குகளும் வீரர் அமரும் கூடுகளும் வால்சிறகுகளும் வரிசை வரிசையாகக் காட்சியளித்த மாத்திரத்தில், புதிதாக வந்தவருடைய கை அவற்றுள் பெரிதாகவும் கம்பீரமாகவும் தோன்றுவதை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிடுகிறது. அடுக்கியது போதிய உயரம் போகவில்லையென்றால் இன்னொரு டாங்க் சேர்கிறது. டாங்கின் பாரத்தால் எழும்பவில்லையென்றால் இன்னொரு எஞ்சின் சேர்கிறது. எஞ்சின்களின் வேகத்தில் கோபுரம் ஆட்டங்கண்டால் அதை நாலாபுறமும் இழுத்துக் கட்டுவதற்கு ஸ்ட்ரட்டுகள் சேர்கின்றன. இப்படியே ஒரு மாலைப்பொழுது முழுவதும் சேர்த்துக்கொண்டே போய், இருநூறு பாகங்களுள்ள ஒரு பூதத்தை ஏவுதளத்தில் நிறுத்தி, அது பத்து நொடியில் தீப்பிழம்பாக மாறுவதைக் கண்டு சிரிப்பதிலும் ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பத்தை எவருக்கும் மறுப்பதற்காக இந்த அத்தியாயம் எழுதப்படவில்லை. ஆனால், கற்பனை என்ற பெயருக்குத் தகுதியான ஒரு ராக்கெட்டைச் சிருஷ்டிக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர், பாகங்களின் பட்டியலை மூடிவைத்துவிட்டு, பிரயாணத்தைப் பற்றிச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வதிலிருந்து தம் வேலையைத் தொடங்குவது நலம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மெக்சிகோ நகரத்தில் இயங்கிய ஸ்குவாட் என்ற நிறுவனத்தில், ஃபெலிப்பே ஃபலாங்கே என்பவரின் தலைமையில் உருவான இந்த விளையாட்டு, 2011 ஜூன் மாதத்தில் முதன்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்து, 2015 ஏப்ரலில் முழுமை பெற்ற பதிப்பாக வெளியாயிற்று. பச்சை நிறத்துக் குட்டி மனிதர்களையும் அவர்களுடைய அசட்டுத் துணிச்சலையும் பார்த்து இதைச் சிறுவர்களின் கேளிக்கை என்று எண்ணிவிடக்கூடாது. ரஷ்ய ஆசிரியரான சியோல்கோவ்ஸ்கி 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடே இங்கும் ஆட்சி செலுத்துகிறது. ஈர்ப்பும் வேகமும் எரிபொருளின் எடையும் மெய்யான விண்வெளியில் எப்படி ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றனவோ, பெரும்பாலும் அப்படியே இங்கும் கட்டுப்படுத்துகின்றன. ஆகையால் இங்கே வெற்றி பெறும் யுக்தி எதுவாயினும், அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறிந்தவருக்கு அடுத்த யுக்தி தானே தோன்றும்.

முதலில் கேட்க வேண்டிய வினா, எங்கே போகிறோம் என்பதன்று; திரும்பி வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதே. மன் என்னும் நிலவில் ஒரு வீரர் இறங்கி, கொடி நாட்டி, உயிரோடு தம் சொந்தக் கிரகமான கெர்பினுக்குத் திரும்ப வேண்டும் என்பது உத்தேசமானால், பிரயாணத்தின் கடைசிக் கணத்தில் நமக்குத் தேவைப்படுபவை அவர் அமர்ந்திருக்கும் கூடும், அதன் தலையில் ஒரு பாராசூட்டும் மட்டுமே. அந்தக் கூடு 0.84 டன், பாராசூட் 0.1 டன், இடையில் கழற்றிவிடும் டிகப்ளரையும் சேர்த்துச் சற்றேறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற அத்தனையும், அவை எவ்வளவு பிரம்மாண்டமானவையாயினும், இந்த ஒரு டன்னுக்கு வேலை செய்ய வந்தவையே. இந்தக் கடைசிக் கணத்திலிருந்து பின்னோக்கி நடந்தால் கணக்கு தெளிவாகிறது. மன்னைச் சுற்றும் பாதையிலிருந்து வீடு திரும்புவதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 310 மீட்டர் வேகமாற்றம் வேண்டும். தரையிலிருந்து அந்தப் பாதைக்கு ஏறுவதற்கு 580. அதற்கு முன் இறங்குவதற்கு இன்னொரு 580. அங்கே போய்ச் சேர்ந்ததும் நிலவின் பிடியில் நிற்பதற்கு 310. கெர்பினை விட்டு நிலவை நோக்கிப் புறப்படுவதற்கு 860. எல்லாவற்றுக்கும் முதலாகக் கெர்பினின் தரையிலிருந்து சுற்றுப்பாதையை அடைவதற்கு 3,400. விளையாடுபவர்கள் டெல்டா-வி என்று சொல்லுவது இந்த வேகமாற்றத்தைத்தான். மொத்தத்தில் ஆறாயிரத்துச் சொச்சம். இந்த ஆறு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்ட பிறகு கட்டுமானக் கூடத்துக்குள் நுழைபவர், இனி எதையும் உத்தேசமாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை வேலை என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது ஒரு சிறு கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம், ஏனெனில் இந்த அத்தியாயத்தின் சாரம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. எரிபொருள் நிரம்பிய எடையை, எரிபொருள் தீர்ந்த எடையால் வகுத்து, அந்த ஈவின் இயற்கை மடக்கையை எஞ்சின் எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடுகிறது என்பதைக் காட்டும் ஐஎஸ்பி எண்ணாலும் 9.81 என்ற எண்ணாலும் பெருக்கினால் டெல்டா-வி கிடைக்கும். மேலே சொன்ன ஒரு டன் சுமையின் கீழே, அரை டன் எடையும் 345 நொடி ஐஎஸ்பியும் உள்ள டெரியர் எஞ்சினையும், நிரம்பியபோது 2.25 டன்னும் தீர்ந்தபோது 0.25 டன்னும் நிறுக்கும் நடுத்தர டாங்க் ஒன்றையும் வைத்தால், விநாடிக்கு 2,580 மீட்டர் கிடைக்கிறது. இரண்டு டாங்க் வைத்தால் 3,720. மூன்று வைத்தால் 4,400. முதல் டாங்கோடு இரண்டாவதைச் சேர்த்தபோது கிடைத்த லாபம் 1,140. மூன்றாவது அதே எடையுள்ள டாங்காக இருந்தும் கொடுத்தது 680 மட்டுமே. மலைமேல் ஏறுபவர் வழிக்கு வேண்டிய சோற்றைத் தாமே சுமந்து, அந்தச் சோற்றைச் சுமப்பதற்கு வேண்டிய தெம்புக்காகவே அதில் பாதியை உண்பதுபோல, சேர்க்கும் எரிபொருள் தன்னைத் தூக்கிச் செல்வதிலேயே பெரும்பகுதி கரைந்துபோகிறது.

இனி வேறு வழியில் போவோம். மூன்றாவது டாங்கைச் சேர்க்காமல், இரண்டு டாங்க் உள்ள அதே அடுக்கின் உச்சியிலிருந்து அரை டன்னை மட்டும் எப்படியாவது கழித்துவிட்டால் என்ன ஆகும்? நிரம்பிய எடை 5.5, தீர்ந்த எடை 1.5, டெல்டா-வி மீண்டும் 4,400. இரண்டேகால் டன் சேர்த்ததால் வந்த பலன் முழுவதும் அரை டன்னைக் கழித்ததாலேயே வந்துவிட்டது. அதுவுமன்றி, கீழே உள்ள அடுக்குகள் தூக்க வேண்டிய பாரம் முன்னதில் கூடியிருக்க, பின்னதில் குறைந்திருக்கிறது. ராக்கெட் வடிவமைப்பில் கற்பனாசக்தி எங்கே செலவாக வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கைவிடத் தெளிவாகக் காட்டும் உபதேசம் வேறில்லை: உச்சியில் செய்யும் சிக்கனம் அடிவரை பெருகிக்கொண்டே போகிறது. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்த நியதி சில விந்தைகளைச் செய்யும். ஸ்பார்க் என்னும் சிறிய எஞ்சினின் ஐஎஸ்பி 320, டெரியரைவிடக் குறைவு. பட்டியலைப் பார்த்துத் தீர்மானிப்பவர் அதைத் தாழ்ந்தது என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் அதன் எடை 0.13 டன் மட்டுமே. ஒரு டாங்க் உள்ள நம் சிறு கலத்தில் டெரியருக்குப் பதில் அதை வைத்தால், 2,580 என்றிருந்த எண் 2,800ஐத் தாண்டுகிறது. அதன் உந்துவிசை 20 கிலோநியூட்டன்தான். என்றாலும், மன்னின் ஈர்ப்பு கெர்பினுடையதில் ஆறில் ஒரு பங்கே ஆகையால், அங்கே இறங்கவும் ஏறவும் அது தாராளமாகப் போதும். எது சிறந்த எஞ்சின் என்ற கேள்விக்கு விடையே இல்லை. எந்தச் சுமைக்கு, எந்த இடத்தில் என்று கேட்டால்தான் விடை உண்டு.

மெய்யான சந்திரப் பிரயாணத்திலும் பெரிய சிக்கனங்கள் இவ்வாறு கேள்வியைத் திருத்தியவர்களாலேயே கைகூடின. அமெரிக்கர்கள் சந்திரனுக்குப் போகத் திட்டமிட்ட காலத்தில், ஒரே பெரிய கலமாக இறங்கி ஒரே பெரிய கலமாகத் திரும்புவது என்ற எண்ணமே பலருக்கும் இயல்பாகத் தோன்றியது. அதற்கு நோவா என்ற ராட்சத ராக்கெட் தேவைப்பட்டது. லாங்லி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர், பூமிக்குத் திரும்பும்போது மட்டுமே தேவைப்படுகின்ற வெப்பக் கவசத்தையும் பாராசூட்டுகளையும் சந்திரனின் தரைவரை இறக்கி மறுபடி ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்டார். அவற்றைச் சந்திரனைச் சுற்றும் பாதையிலேயே விட்டுவிட்டு, ஒரு சிறு கலம் மட்டும் இறங்கி ஏறினால் போதாதா? இந்த யோசனை அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியதுதான். ஆனால் 1961 நவம்பரில், பதவி வரிசையையெல்லாம் தாண்டி நாசாவின் உயர் அதிகாரிகளுள் ஒருவரான ராபர்ட் சீமன்ஸுக்கு நேரே கடிதம் எழுதி வாதாடும் துணிவு அவருக்கே இருந்தது. வேறு முறையை ஆதரித்து வந்த ராக்கெட் நிபுணர் வான் பிரவுன் 1962 ஜூனில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்; அடுத்த மாதம் அம்முறையே தேர்ந்தெடுக்கப்பட்டதாக நாசா அறிவித்தது.

அந்தச் சிறு கலத்தைக் கட்டிய கிரம்மன் நிறுவனத்தாருக்கு ஏற்பட்ட ஒரு சங்கடத்தையும் அவர்கள் அதைத் தீர்த்த விதத்தையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. வீரர்கள் ஆசனத்தில் அமர்ந்தபடி கீழே தரையைப் பார்க்க வேண்டுமானால் ஜன்னல்கள் மிகப் பெரியவையாக இருக்க வேண்டும். பெரிய ஜன்னலுக்குக் கனத்த கண்ணாடி வேண்டும். கண்ணாடியின் பாரமோ தாங்க முடியாததாக இருந்தது. இலேசான கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று தேடியிருந்தால் அவர்கள் தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள். ஆசனங்களை எடுத்துவிட்டார்கள். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில், சிறிது நேரப் பிரயாணத்தில், நின்றுகொண்டே ஓட்டுவதில் யாருக்கும் கஷ்டமில்லை. நிற்பவரின் முகம் ஜன்னலுக்கு வெகு அருகில் வந்துவிடுவதால், சிறிய முக்கோண ஜன்னலே போதுமானதாயிற்று. ஆசனத்தின் எடையும் மிச்சம், கண்ணாடியின் எடையும் மிச்சம். கட்டுமானக் கூடத்தில் ஏதேனும் ஒரு பாகம் பாரமாக இருக்கிறதென்று அதற்கு மாற்றுத் தேடும்போதெல்லாம், அந்தப் பாகத்தை அவசியமாக்கிய இன்னொரு பாகம் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், நாமும் அப்பல்லோவைப் போலவே இரு கலமாகப் பிரித்துத்தான் மன்னுக்குப் போவோம் என்று தீர்மானித்துவிடுவது பொருந்தாது. கெர்பின் ஒரு குட்டி உலகம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்றால் இதன் ஆரம் 600 மட்டுமே. தரையில் நிற்பவருக்கு ஈர்ப்பு ஒன்றாகவே இருந்தாலும், சுற்றுப்பாதையில் நிலைக்கப் பூமியில் விநாடிக்கு ஏழே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டியிருக்க, இங்கே இரண்டேகால் கிலோமீட்டரோடு காரியம் முடிந்துவிடுகிறது. அங்கே உயிர்நாடியாக இருந்த சிக்கனம் இங்கே வீண் சிரமமாக முடியலாம். ஒரே வீரரை மன்னுக்கு அனுப்புவதற்கு இரண்டு கூடுகள், இரண்டு இணைப்பு வாயில்கள், அவற்றைச் சேர்க்கும் சிறு உந்திகள், அவற்றுக்குத் தனி எரிபொருள் என்று கூட்டிப் பார்த்தால், மிச்சப்படுத்தியதைவிடச் செலவழித்ததே அதிகமாகத் தோன்றும். நம் கணக்கில் ஒற்றை டாங்க் கலம் 2,580 கொடுத்தது. மன்னை அடைந்தபின் வேண்டியிருப்பதோ 1,780தான். பிரிக்க வேண்டிய அவசியமே அங்கே எழவில்லை. அதே யோசனையை ஜூல் கிரகத்தின் டைலோ நிலவுக்குக் கொண்டுபோனால் நிலைமை தலைகீழாகிவிடும்: காற்றே இல்லாத, கெர்பினுக்குக் கிட்டத்தட்ட ஈடான ஈர்ப்புள்ள அந்த இடத்தில், வீடு திரும்பும் கலத்தையும் இறக்கி ஏற்ற முயல்பவர் பெரும்பாலும் தோற்பார். மின்மஸ் என்ற சின்ன நிலவின் விஷயமோ இன்னும் வேடிக்கையானது. அங்கே ஈர்ப்பு இருபதில் ஒரு பங்கு மட்டுமே ஆகையால், இறங்குவதற்குக் கலமே வேண்டியதில்லை. சுற்றுப்பாதையில் கலத்தை நிறுத்திவிட்டு, வீரர் தம் முதுகில் கட்டிய உந்தியைக் கொண்டே தரைக்குப் போய்த் திரும்பிவரலாம். கால்களும் இறங்கு எஞ்சினும் பொருத்தி மணிக்கணக்கில் உழைப்பவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்!

எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் நாமும் செய்கிற காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பது மற்றொரு பயிற்சி. எஞ்சின் ஏன் அடியில் இருக்க வேண்டும்? 1926 மார்ச் 16ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஆபர்ன் என்ற ஊரில் ராபர்ட் காடர்ட் பறக்கவிட்ட உலகத்தின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் உச்சியில்தான் இருந்தது. டாங்குகள் அதன் கீழே இருந்தன. மேலிருந்து இழுத்தால் கீழே தொங்குவது நேராக நிற்கும் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் ராக்கெட் சாயும்போது எஞ்சினும் கூடவே சாய்ந்து, உந்துவிசையும் அதே கோணத்தில் திரும்பிவிடுவதால், எஞ்சின் மேலே இருப்பதால் மட்டும் ஸ்திரத்தன்மை வந்துவிடுவதில்லை. காடர்டும் பிற்பாடு எஞ்சினை அடிக்கே மாற்றிக்கொண்டார். ஆகவே அந்த யோசனை செத்துப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். விண்வெளியில் இணைப்பு வாயில்களால் கோத்த நீண்டதொரு கலத்தைப் பின்னாலிருந்து தள்ளும்போது, அந்த இணைப்புகள் நெளிந்து, கலம் முழுவதும் பாம்பாக ஆடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே எஞ்சின்களை முன்புறத்தில் வைத்து இழுத்தால் கலம் நேராக வருகிறது. எஞ்சின்களைப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும், அவ்வளவே. பின்னால் வரும் பாகத்தின்மேல் புகை நேரே மோதினால் உந்துவிசை வீணாகிவிடும். ஒரு காரணத்துக்காகத் தவறாய்ப்போன யோசனை இன்னொரு காரணத்துக்காகச் சரியாக அமைவது இந்தக் கலையில் அடிக்கடி நேரும்.

இறங்கு கலத்தின் உருவத்தையும் இப்படியே விசாரிக்கலாம். ஏவுதளத்தில் நிமிர்ந்து நின்ற ராக்கெட்டின் மிச்சமாகையால் அது உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பது வழக்கம். மன்னின் பள்ளங்களில் ஒன்றின் சரிவில் அதை இறக்கிப் பாருங்கள். மேட்டுப் பக்கத்துக் கால் முதலில் தரையைத் தொடுகிறது. அதன் வில் அமுங்கி மீள்கையில் கலத்தை எதிர்ப்புறம் உந்துகிறது. பள்ளத்துப் பக்கத்துக் கால் மெல்லப் புழுதியில் பதிகிறது. கூடு அப்படியே ஒரு கணம் தயங்கி, பிறகு, குறைந்த ஈர்ப்புக்கே உரிய அந்த எரிச்சலூட்டும் நிதானத்தோடு, சாய்ந்துகொண்டே போய்ப் பக்கவாட்டில் படுத்துவிடுகிறது. கால்களை நீளமாக்குவதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் உடனே தோன்றும் பரிகாரங்கள். சற்று யோசித்தால் வேறு சில வழிகள் புலப்படும். நடுவில் இருக்கும் ஒற்றை டாங்கை இரண்டு சிறு டாங்குகளாகப் பிரித்துக் கூட்டின் இருபுறமும் மாட்டினால், கலம் குட்டையாகவும் அகலமாகவும் ஆகி, பாரத்தின் மையம் தரையை நெருங்கிவிடும். அதைவிடத் துணிச்சலான வழி, படுப்பதுதான் அதன் சுபாவம் என்றால் படுத்தபடியே இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, வயிற்றுப் பக்கத்தில் சிறு எஞ்சின்களைப் பொருத்துவது. அவ்வாறு இறங்கிய கலத்தில் வீரர் ஏணியில்லாமலே கதவிலிருந்து தரையில் கால் வைக்கலாம். மூன்றாவது வழிக்குப் பாகம் எதுவுமே வேண்டாம்: கூட்டினுள் இருக்கும் சுழல்சக்கரத்தின் பலம், அந்த ஈர்ப்பில், விழுந்த சிறு கலத்தைத் தூக்கி நிறுத்தப் பல சமயங்களில் போதும், கால்களை ஒருமுறை மடக்கி விரித்தால் அதற்கு இன்னும் சற்று உதவி கிடைக்கும்.

அஸ்பராகஸ் என்று விளையாடுபவர்கள் அழைக்கும் அடுக்குமுறையைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட வேண்டும். நடுத்தூணைச் சுற்றி இணை இணையாகத் தூண்கள் நிற்கும். எல்லா எஞ்சின்களும் புறப்படும்போதே எரியும். ஆனால் எரிபொருள் குழாய்களின் வழியாக, வெளி இணையின் டாங்குகளிலிருந்தே எல்லா எஞ்சின்களும் குடிக்கும். அந்த இணை காலியானதும் கழன்று விழுந்துவிட, எஞ்சிய தூண்கள் அப்போதும் முழுக்க நிரம்பியிருக்கும். சும்மா சுமந்து செல்லும் எஞ்சினும் இல்லை, காலி டாங்கும் இல்லை. கணக்கின் கண்ணால் பார்த்தால் இதைவிட அழகான ஏற்பாடு கிடைப்பது அரிது. இருந்தும் மெய்யான உலகில் இது இன்றுவரை பழக்கத்துக்கு வரவில்லை. 2018இல் முதன்முதலாகப் பறந்த ஃபால்கன் ஹெவி ராக்கெட்டுக்கு இதுபோன்ற குழாய் ஏற்பாடு முன்பு பேசப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. குழாய்களும் வால்வுகளும் தரும் தொல்லைகள் அங்கே கிடைக்கும் லாபத்தை மிஞ்சிவிடுகின்றன. விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லாவிட்டாலும், முழுப் பதிப்பு வந்தபோது காற்றின் கணக்கு திருத்தப்பட்டதிலிருந்து, அகலமான ராக்கெட் காற்றில் கணிசமான அபராதம் கட்டியாக வேண்டியிருக்கிறது. முன்பு தட்டையாகப் பரந்த உருவங்களும் ஜாம்ஜாமென்று பறந்தன. இன்று கூர்மையும் ஒடுக்கமும் பலன் தருகின்றன. இந்த முறையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனமான சுமைக்கு இது நல்ல சாதனம். பத்து டன் கலத்துக்கும் பழக்கதோஷத்தால் இதையே கையாளும்போது, ஒரு காலத்தில் மகத்தான கற்பனையாக இருந்தது வெறும் சடங்காகிவிடுகிறது. ஸ்புட்னிக்கை 1957இல் ஏற்றிச்சென்ற சோவியத் ஆர்-7 ராக்கெட்டின் பக்கத் தூண்கள் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை: காற்றில்லாத உயரத்தில் பெரிய எஞ்சினை மூட்டுவது நிச்சயமாகக் கைகூடுமா என்ற சந்தேகம் இருந்ததால், அதை வடிவமைத்த கொரலியோவின் குழுவினர் நடுத்தூணையும் பக்கத் தூண்களையும் தரையிலேயே ஒருசேர மூட்டும்படி அமைத்தார்கள். உருவம் ஒன்றுபோல் தோன்றினாலும் காரணம் வேறு.

கட்டுப்பாடு கற்பனைக்கு விரோதி என்று எண்ணுபவர்கள், எல்லாப் பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும் முறையிலேயே விளையாடி, சில வாரங்களில் சலிப்படைந்துவிடுவதைக் காண்கிறோம். ஆனால் கட்டுப்பாடே சில சமயம் புதிய வழியைத் திறந்துவிடுகிறது. இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் 2013 நவம்பரில் ஏறிச்சென்ற பி.எஸ்.எல்.வி., செவ்வாய்க்கு நேரே எறியக்கூடிய பலம் வாய்ந்த ராக்கெட் அன்று. பூமியைச் சுற்றும் நீள்வட்டத்தில் அது விட்டுவிட்ட கலம், தன் சிறு எஞ்சினைப் பூமிக்கு அருகில் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, வட்டத்தைப் படிப்படியாக நீட்டிக்கொண்டே போய், டிசம்பர் முதல் தேதி செவ்வாயை நோக்கிப் புறப்பட்டது. இதே உபாயம் விளையாட்டிலும் பலிக்கும். நெர்வ் என்னும் அணு எஞ்சின் ஐஎஸ்பியில் 800ஐ எட்டினாலும் உந்துவிசையில் சோனி. டூனா என்னும் கிரகத்துக்குப் போகும் கனத்த கலத்தை அது ஒரே மூச்சில் தள்ள முயன்றால், எரியும் நேரம் நீண்டு, கலம் கெர்பினை விட்டு விலகிய பிறகும் எரிந்துகொண்டே இருப்பதால் எரிபொருள் விரயமாகும். மூன்று நான்கு சுற்றுகளாகப் பங்கிட்டு, ஒவ்வொரு முறையும் கெர்பினுக்கு மிக நெருங்கிய இடத்தில் மட்டும் எரித்தால், இரண்டாவது எஞ்சினைத் தேட வேண்டியிராது. பொறுமையும் ஒரு பாகமே. அதற்கு எடை கிடையாது.

பரீட்சை செய்யும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2018 டிசம்பரில் வந்த 1.6ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு அடுக்கின் டெல்டா-வியையும் விளையாட்டே காட்டுகிறது, அதை நம்பலாம். கட்டுமானக் கூடத்தில் பாரத்தின் மையத்தையும் உந்துவிசையின் மையத்தையும் காற்று தாங்கும் மையத்தையும் காட்டும் மூன்று உருண்டைகளை எப்போதும் ஏற்றிவைத்திருங்கள். டாங்குகளில் உள்ள எரிபொருளின் அளவைக் குறைத்து, அது தீர்ந்த நிலையில் பார மையம் எங்கே நகர்கிறது என்று பார்ப்பது பலர் செய்யாத, ஆனால் அவசியமான காரியம். புறப்படும்போது ஒழுங்காகப் பறந்த ராக்கெட் பாதிவழியில் குட்டிக்கரணம் போடுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஒரு தடவைக்கு ஒரு மாறுதல் மட்டும் செய்யுங்கள். பறந்தது கெட்டுப்போனால் ஏவுவதற்கு முந்திய நிலைக்குத் திரும்பிச் செல்லும் வசதி இருக்கிறது. அதை அழுத்துவதற்கு முன், எந்த இணைப்பு முதலில் விட்டது என்று பறப்புப் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னேற்றப் பாதை என்ற ஆட்டமுறையில், எந்தக் கட்டடத்தையும் மேம்படுத்தாத தொடக்க நிலையில், ஒரு ராக்கெட்டில் 30 பாகங்களுக்கு மேல் வைக்க முடியாது. ஏவுதளம் 18 டன்னுக்கு மேல் தாங்காது. உயரமும் 20 மீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள், ஒரு வீரர் மன்னைச் சுற்றும் பாதையில் நின்றுவிட்டு வீடு திரும்பும்படி ஒரு கலத்தைக் கட்டிப் பாருங்கள். வேண்டிய டெல்டா-வி 4,900க்கும் சற்றுக் குறைவு. புறப்பாட்டுக்கு ரிலையண்ட் என்னும் எஞ்சின் ஒன்றும், இரண்டு டெரியர்களும், இந்த அத்தியாயத்தில் சொன்ன டாங்குகளும் இருந்தால் பாதிப் பாகங்களிலேயே அது முடியும். முடிந்த பிறகு, அதே காரியத்தை ஒரு டெரியரைக் குறைத்துச் செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.